மர்செலினின் ஏழு வரிசைகள்

மர்செலின் காஸ்தேராவின் கை அழுகலுக்குப் பழகிய கை. எங்கள் ஒயின் ஊரான பார்சாக் சுற்றுவட்டாரத்தில் முப்பத்தெட்டு அறுவடை பார்த்தவள். பூசணம் பிடித்துச் சுருங்கி, பழுப்பேறிய திராட்சையாகத் தேடித் தேடி வெட்டுவதுதான் அவள் வேலை. எங்கள் இனிப்பு ஒயின் அதிலிருந்துதானே வருகிறது! நல்ல பழத்தை வெட்டினால் முதலாளி முறைப்பார். எங்கள் ஊரில் பூசணத்தைப் பார்த்தால் பச்சைக் குழந்தைக்கும் நாக்கு ஊறும்.

அப்படிப்பட்டவள் ஐம்பத்தாறு வயதில், துளி இனிப்பில்லாத வெள்ளை ஒயின் செய்யப்போகிறேன் என்றாள். சிரோன் ஆற்றோரம் சித்தி எழுதிவைத்துவிட்டுப் போன சோவினியோன் திராட்சைக் கொடிகள் ஏழு வரிசை இருந்தன. செம்மண் ஒரு முழம், அதன் கீழே சுண்ணாம்புப் பாறை. அந்த மண்ணில் பழத்தின் புளிப்பு சாகாது என்பது அவள் கட்சி.

“பூசணத்துக்குன்னே பொறந்த ஊருல சுத்தப் பழம் கேக்குறாளாம், நல்லா இருக்கு கதை!” என்று ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள் யோலாந்த். பதினெட்டு வயதிலிருந்து மர்செலினோடு ஒரே வரிசையில் குனிந்து வெட்டியவள். வாய் கொஞ்சம் நீளம்.

“நல்லா சிரி. இத்தன வருஷமா அடுத்தவங்க பாட்டிலுக்கு வெட்டிப் போட்டாச்சு. ஒரே ஒரு பாட்டில்லயாவது என் பேரப் பாத்துடணும்டி.”

ஆசை அவ்வளவுதான். ஆனால் அது அவளைத் தூங்கவிடவில்லை.

செப்டம்பர் பிறந்ததிலிருந்து தினமும் ஒரு பழத்தை மென்று பார்த்தாள். ஒரு நாள் தோலைக் கடித்ததும் பம்பளிமாஸ் வாசனை மூக்கில் ஏறியது. விதையும் பழுத்திருந்தது. அதே வாரம்தானா பனிமூட்டம் வர வேண்டும்? சிரோனின் குளிர்ந்த தண்ணீர் கரோன் ஆற்றின் வெதுவெதுப்பில் கலக்கும்போது கிளம்பும் மூட்டம் அது, பூசணத்தைக் கூட்டிக்கொண்டு வரும். ஊருக்கெல்லாம் வரம், அவளுக்கு மட்டும் சாபம். அங்கங்கே பழம் பழுப்பேறத் தொடங்கியது. மறுநாள் சாயங்காலம் மழை என்றது ரேடியோ. மழையும் விழுந்தால் ஏழு வரிசையும் மூன்றே நாளில் பூசணம். ஆக, இருப்பது ஒரே ஒரு காலைப்பொழுது. அதிலும் வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். பழம் சூடானால் வாசனை போய்விடும்.

யோலாந்தையும் பழைய கூட்டத்தில் இன்னும் ஐந்து பெண்களையும் கூப்பிட்டாள். ஏழு மணிக்கு மூட்டத்துக்குள் கத்தரியோடு வந்து நின்றார்கள்.

“நல்லா கேட்டுக்கோங்க. சுத்தமான பழம் மட்டுந்தான். பூசணம் பட்டது ஒண்ணுகூட ஆகாது.”

“உத்தரவு முதலாளியம்மா!” என்று ஏப்ரனை விரித்துக் குனிந்து காட்டினாள் யோலாந்த். எல்லோரும் சிரித்தார்கள்.

பிழியும் எந்திரம் கழுவியாகிவிட்டதா என்று பார்க்கக் கொழுந்தன் ரெமியின் கொட்டகைக்குப் போனாள் மர்செலின். எட்டரைக்குத் திரும்பி வந்து கூடைகளை எட்டிப் பார்த்தாள். அத்தனையும் பழுப்பு. பொன் பச்சையாகப் பழுத்த நல்ல குலைகளெல்லாம் கொடியிலேயே தொங்கிக்கொண்டிருந்தன.

“அடிப்பாவிங்களா! என்னத்தடி வெட்டி வெச்சிருக்கீங்க?”

யோலாந்த் தன் கூடையைக் குனிந்து பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. “ஐயையோ... அந்தத் தபால்காரன் கல்யாணக் கதையப் பேசிக்கிட்டே வெட்டினோம். கை அதுபாட்டுக்குப் போயிடுச்சுடி.”

ஒன்றரை மணி நேரம் பாழ். மர்செலினுக்கு அழுகை முட்டியது. வரிசைக்குள் நடந்தாள். ஒரு குலையைத் திருப்பிப் பார்த்தாள், அடுத்ததையும் திருப்பினாள். கத்தரி முனையால் ஒவ்வொரு பழமாகக் கெட்டதைக் கிள்ளி எடுத்திருந்தார்கள். ஏழு வரிசையிலும் பூசணம் பட்ட பழம் பெயருக்குக்கூட இல்லை.

கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

“இனிமே பாக்கவே வேணாம்டி! தொங்குறது அத்தனையும் சுத்தம். கண்ண மூடிட்டு வெட்டுங்க!”

அறுபதை நெருங்கிய பெண்கள் அன்று ஓடிய ஓட்டம் இருக்கிறதே! மூட்டம் விலகும்போது ஐந்து வரிசை முடிந்திருந்தது. பத்தே முக்காலுக்குக் கடைசிக் கூடை. மர்செலின் அதற்குள் முழங்கைவரை கையை விட்டுப் பார்த்தாள். பழம் சில்லென்றுதான் இருந்தது.

ரெமி முதல் சாற்றைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோனான்.

“என்ன அண்ணி, இதுல நம்மூரு வாசனையே காணோம்?” என்றவன் குடித்துவிட்டு டம்ளரை மறுபடி நீட்டினான். “சந்தேகமா இருக்கு. இன்னும் கொஞ்சம் ஊத்துங்க.”

மதியம் கொட்டகையிலேயே பலகை போட்டுச் சாப்பாடு. ஆர்காஷோன் கடல் சிப்பிகளும் பொரித்த சூட்டோடு குட்டி சாஸேஜுகளும். மழை வந்தால் வரட்டும் என்று கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள்.

அறுவடை முடிந்ததும் கொடிக்கிளையும் வயல் பூவும் சேர்த்துக் கட்டித் தோட்டத்து முதலாளிக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். பெண்கள் கூட்டத்துக்குத் தலைவியாகப் பதினேழு வருஷம் அதைக் கொடுத்தவள் மர்செலின்தான்.

யோலாந்த் பூங்கொத்தோடு எழுந்து வந்தாள். கொத்தைக் கண்டதும் மர்செலின் சட்டென்று எழுந்து, முதலாளிக்கு வழிவிட்டு ஒதுங்கி, பின்னால் திரும்பிப் பார்த்தாள். சுவரில் சாய்த்து வைத்த ரெமியின் சைக்கிளைத் தவிர அங்கே யாரும் இல்லை.

“எங்கடி பாக்குற? புடி,” என்றாள் யோலாந்த்.

எந்தக் கையால் வாங்குவதென்று மர்செலினுக்குத் தெரியவில்லை. கொடுத்தே பழகியவள் அவள்.