பத்துக்கு எட்டு

இரண்டு மாதத்துக்கு முன்பு எங்கள் வீட்டு டைனிங் டேபிளில் தட்டு வைக்க இடமில்லை. ஐந்து சொகுசுக் கப்பல் கம்பெனிகள் அதில் விரிந்து கிடந்தன – பிரின்ட் அவுட்டுகளாக.

எல்லாம் சிங்கப்பூரில் இருக்கும் மகளின் யோசனை. “போன தடவை போன கம்பெனி வேண்டாம்ப்பா. புதுசா ஒண்ணு ட்ரை பண்ணலாம். எதுன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க” என்று லிங்க் லிங்காக அனுப்பித் தள்ளினாள். பார்த்துச் சொல்வது என்றால் எனக்குக் கேட்கவா வேண்டும்? தஞ்சாவூரில் முப்பத்தோரு வருடம் கணக்கு வாத்தியாராகக் குப்பை கொட்டியவன். நோட்டை எடுத்தேன். ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன். கேபின், சாப்பாடு, வைஃபை, டாக்டர், லைஃப் போட்... ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எவ்வளவு என்று மார்க். என் மனைவி பத்மா தன் பங்குக்கு ஒரு கட்டம் சேர்த்தாள் – ‘தயிர் கிடைக்குமா?’

என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும். நான் யாருக்கும் பத்துக்குப் பத்து போட்டதில்லை. கணக்கு சரியாக இருந்தால் கையெழுத்துக்கு ஒன்று குறைப்பேன். கையெழுத்தும் முத்து முத்தாக இருந்தால், ‘தலைக்கனம் வந்துவிடும்’ என்று இன்னொன்று குறைப்பேன். எட்டு என்பது என் கையால் கிடைக்கிற தங்க மெடல். இதைப் பெருமையாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். இந்தப் பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியிலேயே இரண்டு மூன்று தடவை பீற்றிக்கொண்டதாக ஞாபகம்.

ஐந்தாவது கம்பெனிக்கு நான் போட்ட மார்க் இரண்டு. பழைய கப்பல். நடுக்கடலில் இன்ஜின் நின்றுபோய் ஒரு பகல் முழுக்க அப்படியே ஆடிக்கொண்டு கிடந்ததாம். பாத்ரூம் தண்ணீர் காரிடாருக்கு வந்ததாம். லைஃப் போட்டைத் தொங்கவிடும் கொக்கியில் துரு ஏறியிருப்பதை ஒருவர் போட்டோவே எடுத்துப் போட்டிருந்தார். சிவப்பு இங்க்கில் ‘வேண்டாம்’ என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டேன். இந்தக் கம்பெனியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மீதி நான்கில் எது? அப்போதுதான் அறிவழகன் ஞாபகம் வந்தது.

பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். இரண்டு வருடத்துக்கு முன்னால் நாங்கள் முதல் தடவை கப்பலில் போனபோது எங்கள் கேபினைச் சுத்தம் செய்ய வந்த தம்பி. சட்டையில் ‘ஆரி’ என்று பெயர்ப் பட்டை. யாரோ எந்த நாட்டுக்காரரோ என்று நினைத்து, “இந்த ஏசி ஆளையே கொன்னுடும்போல” என்று பத்மா என்னிடம் தமிழில் புலம்ப, “கொறச்சு வைக்கட்டுமாம்மா?” என்றது அந்த ஆரி. கீழ்வேளூர் பக்கமாம். அறிவழகன் என்பது வெள்ளைக்காரர் வாயில் நுழையாது என்று ஆரியாக்கிவிட்டார்களாம். அப்புறம் ஆறு நாளும் எங்களுக்கு ராஜ உபசாரம்தான். டவலை மடித்து யானை செய்து கட்டிலில் நிறுத்திவிட்டுப் போவார். பத்மாவுக்குத் தயிர் எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கு வரை தெரியாது. அவரைப் பற்றி இங்கே ஒரு வாரம் முழுக்க எழுதினேன்.

கப்பலில் வேலை செய்கிறவருக்குத் தெரியாத கப்பல் ரகசியமா? போன் போட்டேன்.

“இப்ப எந்தக் கடல்ல இருக்கீங்க தம்பி?”

“கடல்ல இல்ல சார். கீழ்வேளூர்லதான் இருக்கேன். லோடு வண்டி ஓட்டுறேன், குட்டி யானை.”

“டவல்ல யானை செஞ்சீங்க, இப்ப யானை மேலயே ஏறிட்டீங்களா!” என்று ஜோக் அடித்தேன். அவர் சிரிக்கவில்லை. “ஆமா சார்” என்றார். எனக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

பத்மாவுக்கு வேளாங்கண்ணியில் ஒரு வேண்டுதல் பாக்கி இருந்தது. போகிற வழிதானே? நோட்டையும் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். அறுவடை நேரம். திருவாரூர் தாண்டினால் பாதி ரோட்டில் நெல் காய்கிறது. மீதிப் பாதியில்தான் நாம் போக வேண்டும். கீழ்வேளூரில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து எங்களை அழைத்துப்போனார் அறிவழகன். கறுத்திருந்தார். கப்பலில் இஸ்திரி கலையாமல் பார்த்த ஆளை லுங்கியில் பார்க்க என்னவோபோல இருந்தது.

வீட்டில் அவர் மனைவி வளர்மதி, இரண்டு வயதுப் பெண் குழந்தை. வளர்மதிக்கு ஊர் வேதாரண்யம். காதல் கல்யாணம் என்று வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார். டீ போட எழுந்தார். நான் நோட்டை விரித்தேன்.

அறிவழகன் என் கட்டங்களை மேலிருந்து கீழே நிதானமாகப் பார்த்தார். “நல்லா போட்டிருக்கீங்க சார். நானும் இதே அஞ்சு கம்பெனியத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்” என்றார்.

“டூர் போகவா?”

“வேலைக்கு சார். மெட்ராஸ் ஏஜென்ட்டு கிட்ட பேப்பர் குடுத்துருக்கேன். ஆனா நாங்க பாக்குற கட்டம் வேற. ஒரு ரூம்ல எத்தன பேரு... வீட்டுக்குப் பேச விடுவாங்களா... காய்ச்சல்னா ஒரு நாள் படுக்க விடுவாங்களா...”

“பழைய கம்பெனி நல்லாத்தானே இருந்துது? ஏன் விட்டீங்க?”

“நான் விடல சார். அவங்க திரும்பக் கூப்புடல.”

எனக்குக் கோபமே வந்துவிட்டது. “என்ன அநியாயம்! உங்க வேலைக்கு என்ன கொறச்சல்? நான்கூட கடைசி நாள் ஃபார்ம்ல உங்க பேரைப் போட்டு, பத்துக்கு எட்டு போட்டேனே!”

டீ ஆற்றிக்கொண்டிருந்த வளர்மதியின் கை நின்றது. திரும்பிப் பார்த்தார்.

“எட்டு போட்டது நீங்களா?”

அந்தக் குரலில் நன்றி இல்லை. அது புரிய எனக்குச் சில விநாடிகள் ஆயின. அறிவழகன், “சும்மா இரு மதி” என்றார். நான்தான் விடவில்லை. சொல்லுங்கள், சொல்லுங்கள் என்று அவரை நச்சரித்தேன். சொன்னார்.

அந்தக் கப்பலில் ஒன்பதும் பத்தும்தான் பாஸ். எட்டு என்றால் ஃபெயில். யார் கேபினுக்கு எட்டு வந்ததோ அவர் பெயரைக் காலை மீட்டிங்கில் படிப்பார்கள். அதுவும் நான் மார்க்கோடு நிறுத்தவில்லையே! குறிப்பு எழுதக் கட்டம் இருந்தது. கட்டத்தைப் பார்த்தால் வாத்தியாருக்குக் கை சும்மா இருக்குமா? பிராக்ரஸ் ரிப்போர்ட்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் எழுதுகிற அதே வாக்கியத்தை இங்கிலீஷில் எழுதினேன் – ‘நன்று. இன்னும் நன்றாகச் செய்யலாம்.’

“அதப் போர்டுல ஒட்டிட்டாங்க சார். அப்புறம் என் ரெஸ்ட் டைம்ல ரெண்டு வாரம் ட்ரெயினிங். பெட்ஷீட் மடிக்க.”

“பெட்ஷீட் மடிக்கவா?”

“ஆமா சார். அஞ்சு வருஷமா அதத்தான் மடிச்சிக்கிட்டு இருந்தேன்.” லேசாகச் சிரித்தார். “உங்களால மட்டும் இல்ல சார். அதே மாசம் இன்னொருத்தர் ஏழு போட்டிருந்தாரு. ரெண்டும் சேந்து ஆவரேஜ் கீழ போயிடுச்சு. துளிதான். டிபிசியில, கொள்முதல் நிலையத்துல, நெல்லுல மெஷின விட்டு ஈரம் பாப்பாங்கல்ல சார்? ஒரு பாயின்ட் கூடுனா மூட்டையத் திருப்பிடுவாங்க. அந்த மாதிரிதான்.”

“ஏழு போட்டது வெள்ளக்காரரு சார்” என்றார் வளர்மதி. “அவருக்கு நம்மளத் தெரியாது. நீங்க தஞ்சாவூரு.”

நோட்டை மூடி வைத்தேன்.

கடைசியாக ஒன்று கேட்டேன். மார்க் இப்படித்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தம்பி? அறிவழகன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “எல்லார்கிட்டயும் சொல்லுவோம் சார். பத்து போடுங்கன்னு கெஞ்சாத கொறையா கேப்போம். உங்ககிட்டதான் கேக்கல. நம்ம ஊர்க்காரங்க... கேக்கணுமான்னு விட்டுட்டேன்.”

டீயைக் குடித்தோமா இல்லையா, நினைவில்லை. வேளாங்கண்ணியில் பத்மா மெழுகுவத்தி ஏற்றியபோது நான் வெளியே நின்றேன். திரும்பும்போது திருவாரூர் தாண்டியதும் அவள் கேட்டாள்.

“ஏங்க, அந்தப் புள்ளகிட்ட என்ன கொறையக் கண்டு ரெண்டு மார்க்க எடுத்தீங்க?”

யோசித்தேன். தஞ்சாவூர் வருகிற வரை யோசித்தேன். நீங்கள் நம்ப வேண்டும், நிஜமாகவே தேடினேன்... ஒரு குறையும் இல்லை. முப்பத்தோரு வருடம் எத்தனை பிள்ளைகளிடமிருந்து இப்படிக் காரணமில்லாமல் இரண்டிரண்டாக எடுத்திருக்கிறேன்? அதில் யாருக்கு எந்தக் கதவு மூடியதோ? அவர்கள் என் வீட்டுக்கு வந்து சொல்லப் போவதில்லை. கல்யாண மண்டபத்தில் பார்த்தால் காலில் விழுகிறார்கள், அவ்வளவுதான். அன்றைக்கு எனக்கு என்மேல் வந்த அருவருப்பு இன்னும் போகவில்லை.

பரிகாரம் செய்யப் புறப்பட்டேன். பழைய கம்பெனிக்கு மெயில் எழுதினேன். ‘நான் போட்ட மார்க் தவறு. எங்கள் ஊரில் எட்டு என்றால் மிக நன்று என்று பொருள். தயவுசெய்து பத்தாக மாற்றவும்.’ பத்து நிமிடத்தில் பதில் வந்தது. ஆள் எழுதிய பதில் இல்லை, மெஷின். என் கருத்து அவர்களுக்கு மிகவும் முக்கியமாம். பயணம் முடிந்தபின் எதையும் திருத்த முடியாதாம். என் அக்கறையைப் பாராட்டி அடுத்த பயணத்துக்குத் தள்ளுபடிக் கூப்பன் ஒன்று வைத்திருந்தார்கள். மறுபடியும் எழுதினேன். மறுபடியும் அதே பதில், அதே கூப்பன்.

அறிவழகனுக்காகத் தனியாக ஒரு சிபாரிசுக் கடிதமும் எழுதி ஏஜென்ட்டுக்கு அனுப்பினேன். பயணிகள் கடிதத்தை யாரும் பார்ப்பதில்லை என்று அந்த ஏஜென்ட் போனிலேயே சொல்லிவிட்டார். பழைய கம்பெனி ஏன் திரும்பக் கூப்பிடவில்லை – இதுதான் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வியாம். என் நோட்டில் முதல் நான்கு பெயர்களும் ஒவ்வொன்றாகக் கையை விரித்தன.

போன மாதம் அறிவழகன் போன் செய்தார். குரலில் ஒரு துள்ளல். “சார், கெடச்சிடுச்சு! பத்து மாச கான்ட்ராக்ட்.”

எது என்று கேட்டேன். சொன்னார்.

நோட்டைத் திறக்கவே வேண்டாம். அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம். “வேண்டாம் தம்பி” என்றேன். இன்ஜினைச் சொன்னேன். கொக்கியைச் சொன்னேன். கையில் போட்டோ இருக்கிறது, அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

“தெரியும் சார். அங்க வேல பாக்குற பசங்க எல்லாம் சொல்லியிருக்காங்க.” துள்ளல் போய்விட்டது. “மத்தவங்க எடுக்கலையே சார். இங்க இந்தப் பத்து மாசம் நல்லா ஓட்டிக் காமிச்சா அப்புறம் நல்ல கம்பெனிக்குப் போயிடலாம். ஒண்ணே ஒண்ணு... மதிகிட்ட மட்டும் இதெல்லாம் சொல்லிடாதீங்க. அவ அண்ணன் மீன் புடிக்கப் போன போட்டு இன்ஜின் நின்னுதான் கடலோட போச்சு. தெரிஞ்சா விட மாட்டா.”

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். வேறு என்ன கொடுக்க முடியும் என்னால்?

கீழ்வேளூர் பஸ் ஸ்டாண்டு கடைக்கு இந்தப் பத்திரிகை வருகிறதா என்று விசாரித்தேன். நிறுத்தி ஒரு வருடம் ஆகிறதாம். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். தைரியம் என்பது சரியான வார்த்தையா தெரியவில்லை. பெயர்களை மாற்றியிருக்கிறேன். நாங்கள் கப்பலுக்குப் போகவில்லை. மகளிடம் முட்டி வலி என்று சொல்லியாகிவிட்டது.

சென்ற வெள்ளிக்கிழமை காலை வளர்மதி என்னைக் கூப்பிட்டார். கீழ்வேளூர் வீட்டில் என்னிடம் முகம் கொடுத்துப் பேசாத பெண். மறுநாள் அறிவழகன் கிளம்ப வேண்டும். பின்னால் பெட்டி ஜிப்பை இழுக்கிற சத்தம், குழந்தையின் அழுகை. பத்மா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“சார், ஒங்க நோட்டுல எல்லாக் கப்பலுக்கும் மார்க் போட்டு வச்சிருந்தீங்கல்ல. இவரு இப்ப போறது அதுல அஞ்சாவதா இருந்துச்சாம். இவரக் கேட்டா, நல்ல கப்பல், நல்ல கப்பல்னு சொல்றாரு. இவரு எனக்காகச் சொல்லுவாரு சார். நீங்க சொல்ல மாட்டீங்க. நீங்க யாருக்கும் சும்மா மார்க் போடுற ஆளு இல்ல. அதான் ஒங்களக் கேக்குறேன். அந்தக் கப்பலுக்கு எவ்வளவு சார் போட்டீங்க?”

பத்மா என் முகத்தையே பார்த்தாள். நோட்டு அலமாரியில்தான் இருந்தது.

“பத்தும்மா” என்றேன். “பத்துக்குப் பத்து.”

முப்பத்தோரு வருட சர்வீஸிலும் அதற்கு அப்புறமும் நான் போட்ட முதல் பத்து.