முத்தலிப் கொடுத்த மன்னிப்பு

கல்முனையில் யாராவது மௌத்தானால், பள்ளி ஒலிபெருக்கியில் செய்தி வருவதற்கு முன்பே முத்தலிபின் தையல் கடைக்கு ஆள் வந்துவிடும். இறந்தவரைப் பொதியும் கபன் துணி வெட்டுவது அவர்தான். அதற்கு அவர் கூலி வாங்கியதில்லை. பெருநாளுக்குத் தருவதாகச் சத்தியம் செய்த சட்டையைப் பெருநாள் கழிந்து மூன்றாம் நாள் தருகிற மனிதர், கபனை மட்டும் கேட்ட கையோடு மடித்துக் கொடுப்பார்.

அதைவிடப் பேர் போனது அவருடைய பேச்சு. ஜனாஸாத் தொழுகைக்கு முன் குடும்பத்தில் ஒருவர் எழுந்து, இறந்தவருக்காக ஊராரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அழுதுகொண்டு நிற்கிற மகன்மாருக்கு நாக்கு எழாது. முத்தலிபைத்தான் முன்னுக்குத் தள்ளுவார்கள். "மையித்தால ஆருக்கும் மனம் நொந்திருந்தா மன்னிச்சிடுங்க. இந்தக் குடும்பத்துக்கு ஆரும் பிழை செஞ்சிருந்தா, அதையும் இவங்க மன்னிச்சிட்டாங்க" என்பார். இரண்டாவது வசனம் அவராகச் சேர்த்துக்கொண்டது. யாரும் கேட்டதுமில்லை, தடுத்ததுமில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது. அடுத்த வீட்டு மன்னிப்பை வாரி வழங்க யாருக்குத்தான் வலிக்கும்?

முத்தலிபுக்கும் சுஹறாவுக்கும் ஒரே மகன், றம்ஸீன். ஊர் வழக்கப்படி கல்யாணம் முடித்து மருதமுனையில் மனைவி நுஸ்ரத்தின் வீட்டோடு போயிருந்தான். பிறகு அரபு நாட்டில் கட்டட வேலைக்குப் போனான். கம்பி கட்டுகிற வேலை. வெயிலைப் பற்றி நுஸ்ரத்திடம்தான் சொல்வான், வாப்பாவிடம் சொல்லமாட்டான். வாப்பாவிடம் சொன்னால், "சபூர் செய் மகன், பொறுத்துக்க" என்ற பதில்தான் வரும் என்பது அவனுக்குத் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து பள்ளி முற்றத்தில் நிற்கையில் முத்தலிபின் போன் அடித்தது. கம்பனிக்காரர் ஒருவர், தமிழ் தெரிந்தவர். மகன் படுக்கையிலேயே இறந்துவிட்டான், இதயம் நின்றுவிட்டது என்றார். காரணம் பார்க்க வேண்டுமானால் உடலை வெட்டிப் பார்ப்பார்கள், அனுப்பக் கிழமைக் கணக்காகும் என்றார். வேண்டாமென்றால் இன்றைக்கே அங்கே அடக்கலாம், குடும்பத்தின் சம்மதத்தை வட்ஸ்அப்பில் வாயால் சொல்லி அனுப்பினால் போதும் என்றார்.

 முத்தலிபின் நாக்கு தடுமாறவில்லை. அது எத்தனையோ ஜனாஸாவில் பழகிய நாக்கு. சுற்றி நின்றவர்களும் "மையித்தச் சுணக்கப்படாது காக்கா" என்றார்கள். அவர் போனை வாயருகே பிடித்துப் பேசி அனுப்பினார். மருதமுனை இரண்டு எட்டில் இருக்கிறது, மோட்டார் சைக்கிள்களும் முற்றத்தில் நிறைய நின்றன. நுஸ்ரத்திடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. முத்தலிபுக்குமே தோன்றவில்லை.

செய்தி போய்ச் சேர்ந்தபோது நுஸ்ரத் அழவில்லை. "டொக்டர் ஆரும் பாத்தாங்களா?" என்று கேட்டாள். சபூர் செய்யச் சொன்னார்கள். பிறகு கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருத்தினார்கள். அத்தோடு பேச்சு அடங்கிவிட்டது என்று ஊர் நினைத்தது.

இத்தா முடிந்த பிறகு நுஸ்ரத்தைப் பார்க்கச் சுஜிந்தன் வந்தான். பெரியநீலாவணைப் பிள்ளை, றம்ஸீனோடு ஒரே அறையில் இருந்தவன், லீவில் வந்திருந்தான். றம்ஸீனின் உடுப்புப் பையைக் கொடுத்துவிட்டுப் போக எழுந்தவன், போக முடியாமல் மறுபடி உட்கார்ந்தான்.

"அக்கா, அவர் படுக்கையில சாகல்ல. உச்சி வெயிலுக்குள்ள மேல் தட்டில நிண்டு மயங்கி விழுந்தவர். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க எண்டு கத்தினம். அவங்க தூக்கிக் கொண்டு போய் அறையிலதான் போட்டாங்க. எங்கள உள்ள விடல்ல. வெளிய கதைச்சா வேலை போகும் எண்டாங்க."

நுஸ்ரத் மறுநாளே கல்முனைப் பிரதேச செயலகத்துக்குப் போனாள். வெளிநாட்டு வேலைக்குப் போனவர்களின் குடும்பங்களுக்கென்று அங்கே ஓர் உத்தியோகத்தர் இருக்கிறார், பெயர் கஜனி. முறைப்பாட்டை எழுதித் தூதரகத்துக்கு அனுப்பினார். பதில் வந்ததும் மாமனாரையும் கூட்டிவரச் சொன்னார். அந்த அலுவலக ஜன்னல்களில் தொங்கும் திரைச்சீலைகளைத் தைத்தவரே முத்தலிப்தான். உள்ளே இப்படியொரு மேசை இருப்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

கஜனி, கம்பனி அனுப்பிய பதிலோடு இருந்த குரல் பதிவைப் போட்டுக் காட்டினார். முத்தலிபின் குரல் கணீரென்று வந்தது.

"எல்லாம் அல்லாஹ்ட நாட்டம். எங்களுக்கு ஆரோடயும் முறைப்பாடு இல்ல. ஆரும் பிழை செஞ்சிருந்தா, குடும்பமே மன்னிச்சிட்டம். மையித்த வெட்டாதீங்க, சுணக்காம அடக்கிடுங்க."

ஊரெல்லாம் மெச்சிய குரல். முத்தலிபுக்கு அதைக் கேட்க வெட்கமாக இருந்தது.

"இது மௌத்து வீட்டில சொல்ற பேச்சு மிஸ்" என்றார். "வழக்கமாச் சொல்றதுதான். அவங்களுக்கு இத வச்சி என்ன?"

"அவங்களுக்கு இது சாட்சி ஐயா. குடும்பமே வேணாம் எண்டு சொல்லிட்டுது எண்டு எழுதியிருக்காங்க." கஜனிக்குக் கோபம் வரவில்லை, களைப்புத்தான் வந்தது. இந்த மேசைக்கு எல்லோரும் பிந்தித்தான் வருகிறார்கள். "என்னத்தால செத்தவர் எண்டு பாக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை இருந்தது. அண்டைக்கே இங்க வந்திருந்தா தூதரகத்துக்கு அறிவிச்சிருப்பம். சட்ட உதவியும் சும்மாவே எடுத்துத் தந்திருப்பம்."

"இப்ப ஒண்டும் செய்யேலாதா?"

"முழுக்க இல்லையெண்டு சொல்லமாட்டன். சுஜிந்தன் சாட்சி சொல்லச் சம்மதிச்சிருக்கார். விழுந்த பிறகு உயிர் இருந்ததா, காப்பாத்தியிருக்கலாமா எண்டதுதான் இனித் தெரியவராது. அத உடம்புதான் சொல்லியிருக்கும்." கஜனி பேனாவை எடுத்தார். "இந்தச் சம்மதம் மனைவிட சம்மதமில்ல எண்டு நான் எழுதணும். அதுக்கு நீங்க வாக்குமூலம் தரணும் ஐயா. அண்டைக்கு இவங்கட்டக் கேட்டீங்களா?"

முத்தலிப் மருமகளைப் பார்த்தார். சபூர், விதி, அல்லாஹ்வின் நாட்டம் என்று வாயில் எத்தனையோ வார்த்தைகள் வந்து நின்றன. ஒன்றையும் வெளியே விட அவருக்குத் துணிவில்லை.

"கேக்கல்ல" என்றார்.

"கேட்டிருந்தா வெட்டிப் பாக்கச் சொல்லியிருப்பன், மாமா" என்றாள் நுஸ்ரத்.

பிறகு கஜனியின் பக்கம் திரும்பி, "எழுதுங்க மிஸ்" என்றாள்.