முனிராஜ் அண்ணன் முனகிய பாட்டு

பேய், பிசாசு என்று எவனாவது பேச்சை எடுத்தால், "வேற வேலை இல்லியா உனக்கு?" என்று கேட்டுவிட்டு எழுந்து போகிற ஆள் நான். நீங்களும் அப்படித்தான் என்று உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. பரவாயில்லை, கேளுங்கள்.

ஓசூரில் ஒரு பிரஸ் ஷாப்பில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். தகரத்தை அச்சில் வைத்து அழுத்தி வண்டிக்குப் பாகம் எடுக்கிற வேலை. பக்கத்து மிஷினில் இருந்தவர் நாகரசம்பட்டி முனிராஜ் அண்ணன். எந்த நேரமும் ஒரு பழைய பாட்டை முனகிக்கொண்டே இருப்பார். அந்தப் படம் கிருஷ்ணகிரியில் நாலு நாள்கூட ஓடவில்லையாம், பாட்டை ரேடியோவில்கூடப் போட்டதில்லையாம். "பாருடா, ஒருநாளு ஊரே இதப் பாடும்" என்பார். நான் சும்மா இருந்தேனா? கேன்டீனில் எல்லார் முன்னாலும் அவரைப் போலவே மூக்கால் இழுத்துப் பாடிக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றோடு அவர் பாடுவதை விட்டுவிட்டார். ஆறே மாதத்தில் மஞ்சள் காமாலை வந்து போயும் சேர்ந்தார். அவருடைய மிஷின் எனக்கு வந்தது.

இந்த வருடம் பார்த்தால், யாரோ ஒரு பெண் அந்தப் பாட்டுக்கு ஆடி ரீல்ஸ் போட, டீக்கடையிலிருந்து கல்யாண மண்டபம் வரைக்கும் அதுதான் ஓடுகிறது. எனக்கு மட்டும் அதைக் கேட்டால் கேன்டீனில் நான் பாடிக் காட்டியதுதான் ஞாபகம் வரும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம், பட்டப்பகல், நானும் ஜாவித் என்கிற தம்பியும்தான் இருந்தோம். அண்ணனுடைய அந்த மிஷினில் இரண்டு பட்டனையும் இரண்டு கையால் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும், கை உள்ளே மாட்டக்கூடாது என்றுதான் அந்த ஏற்பாடு. நாங்கள் என்ன செய்வோம், இடது பட்டனில் ஒரு ஐஸ் குச்சியைச் செருகி அழுத்தியபடியே நிறுத்திவிடுவோம். ஒரு கை மிச்சமானால் பீஸை வேகமாக எடுக்கலாம். சூப்பர்வைசரும் பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விடுவார்.

காதில் பிளக் வைத்திருந்தேன். மிஷின் போடுகிற சத்தத்தில் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. நம்பினால் நம்புங்கள், பிளக்குக்கும் உள்ளே, காதோடு காதாக, முனகல் கேட்டது. ரீல்ஸில் வருகிற குரல் இல்லை. மூக்கால் இழுத்து, இரண்டாவது வரியில் மூச்சு வாங்குகிற அதே முனகல்.  ஜாவித் வேலையாக இருக்கும் என்று, "டேய், போன அமத்துடா!" என்று கத்திக்கொண்டே, பீஸை எடுக்க உள்ளே விட்டிருந்த இடது கையை இழுத்துக் காது பிளக்கைப் பிடுங்கினேன். அந்த நொடியில், சத்தியமாகச் சொல்கிறேன், வலது பட்டனை நான் தொடவே இல்லை, பிரஸ் தானாக இறங்கியது.

"என்னண்ணா, என்னாச்சு?" என்று ஜாவித் ஓடிவந்தான். அவன் போன் லாக்கரில் இருந்தது. மறுநாள் மிஷினைப் பிரித்துப் பார்த்தார்கள், ஒரு பழுதும் இல்லை என்றார்கள்.

அண்ணன்தான் என் கையைக் காப்பாற்றினார் என்று நினைத்து, பழம் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணி அழவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை, பழத்தை வாங்கி ஓரமாக வைத்தார்.

"கடைசி மூணு நாளும் உம்பேரத்தான் சொல்லிட்டே இருந்தாருப்பா. வேற யாரையும் கேக்கல."

எதற்கு என்று கேட்காமலே கிளம்பி வந்துவிட்டேன். கையை எடுக்க வைத்தவர் அவரா, இல்லை பிரஸ்ஸை இறக்கியவர் அவரா? ஐஸ் குச்சி வைப்பதை அன்றே விட்டுவிட்டேன். ஆனாலும் தினமும் கம்பெனி பஸ்ஸில் அந்தப் பாட்டு ஆரம்பித்தால் எல்லாரும் கை தட்டிப் பாடுகிறார்கள், நான் மட்டும் இரண்டு கையையும் அக்குளில் இறுக்கி வைத்துக்கொண்டு, பாட்டு முடிகிறவரை உட்கார்ந்திருக்கிறேன்.