பால் பொங்கிய கோஷர் குசினி

கஜீவன் அண்ணை ஒரு சமையல்காரர். ஆனால் அவர் வேலை செய்யும் குசினியில் அடுப்பை மூட்ட அவருக்கு அனுமதி இல்லை.

இதைச் சொன்னால் முதலில் யாரும் நம்புவதில்லை. கனடாவில் ரூஜ் என்ற இடத்தில் எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீடு அவருடையது. யாருடைய பிறந்தநாள் விழாவிலாவது இந்தப் பேச்சு வந்தால், "அப்ப நீங்கள் அங்க என்னதான் செய்யிறனீங்கள்?" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார்.

"நெருப்புப் பத்தினாப் பிறகு மிச்சமெல்லாம் நான்தான்" என்பார் அவர்.

அந்தக் குசினி பாதர்ஸ்ட் வீதிப் பக்கம் இருக்கிறது. யூதர்களின் விருந்துகளுக்கு அங்கேதான் சமைக்கிறார்கள். அவர்களுடைய மத விதிகளுக்கு ஏற்ற உணவைக் கோஷர் என்று சொல்வார்கள். வேறு மதத்தவர் கோஷர் சமைக்கலாம், ஆனால் நெருப்பை ஒரு யூதர்தான் கொளுத்த வேண்டும். அதற்கும் மற்ற விதிகளைக் கவனிப்பதற்கும் ஹெர்ஷல் என்ற மேற்பார்வையாளர் இருக்கிறார். இளம் வயது, சிவப்புத் தாடி, தலையில் சின்னக் கறுப்புத் தொப்பி.

வெள்ளிக்கிழமைகளில் ஹெர்ஷலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. யூத வீடுகளில் வெள்ளி மாலைதான் வாரத்தின் பெரிய சாப்பாடு, அதில் கோழி சூப் முக்கியம். கஜீவன் அண்ணையோ வெள்ளிக்கிழமை மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடாதவர். அதனால் சமைப்பது இவர், உப்புப் பார்ப்பது அவர். இந்த ஒப்பந்தம் பல வருடமாக நடக்கிறது.

கஜீவன் அண்ணை பதினொரு வயதில் தாய் தகப்பனோடு கனடாவுக்கு அகதியாக வந்தவர். வெக்ஸ்போர்ட்டில் ஒரு அடுக்குமாடியில் வளர்ந்தார். பள்ளிக்கூடம் முடிந்ததும் ஒரு கல்யாண மண்டபத்தில் கோப்பை கழுவப் போய், அங்கேயே சமையல் பழகினார். மண்டபத்தை மூடியபோது, கூட வேலை செய்தவர் ஒருவர் பாதர்ஸ்டில் ஆள் தேடுகிறார்கள் என்று சொல்ல, ஒன்றும் தெரியாமலே போய் நின்றார். அங்கே எல்லாம் இரண்டு இரண்டாக இருந்தன. இறைச்சிக்கு ஒரு கழுவு தொட்டி, பாலுக்கு ஒரு தொட்டி. கத்திகளும் சட்டிகளும் அப்படியே. ஒன்று பழுதாகினால் மற்றதைப் பாவிக்கத்தான் என்று நினைத்தாராம்.

காரணத்தை ஹெர்ஷல்தான் சொன்னார். கஜீவன் அண்ணை இதைத் திருப்பிச் சொல்லும்போது எல்லா யூதர்களும் நல்ல யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசுவார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

ஹெர்ஷல் சலாட் இலைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பூச்சி தேடுவார். பூச்சி தின்பதும் அவர்களுக்கு விலக்கு. தேடிக்கொண்டே கதையும் சொல்வார். முதலில் ஆபிரகாம். ஊரெல்லாம் பல தெய்வங்களைக் கும்பிட்ட காலத்தில் ஒரே கடவுளின் குரலைக் கேட்டு, பிறந்த இடத்தை விட்டுக் குடும்பத்தோடு புறப்பட்டவர்.

"எங்கட ஆக்கள் மாதிரித்தான். பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டிருக்கிறார்" என்றார் கஜீவன் அண்ணை.

"ஓம். ஆனா அவரிட்ட ஒருத்தரும் விசா கேக்கேல்லை."

ஆபிரகாமின் சந்ததி எகிப்தில் அடிமைகளானது. மோசே அவர்களை மீட்டுப் பாலைவனத்துக்குக் கொண்டுவந்தார். அங்கே சீனாய் மலையில் கடவுள் அவர்களோடு ஒரு உடன்படிக்கை செய்து, தோரா என்ற வேதத்தைக் கொடுத்தார் என்பது அவர்களுடைய நம்பிக்கை. ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்காதே என்று தோராவில் மூன்று இடங்களில் இருக்கிறது. அந்த ஒரு வரியிலிருந்துதான் இரண்டு தொட்டியும் இரண்டு கத்தியும் வந்தன.

"கடவுளுக்கு உருவம் இல்லை, படமும் இல்லை" என்றார் ஹெர்ஷல்.

"அப்ப சாமியறையில என்ன வைப்பியள்?"

"சாமியறையே இல்லை."

கஜீவன் அண்ணைக்கு இது பெரிய யோசனையாகப் போய்விட்டது. செத்த பிறகு என்ன நடக்கும் என்று இன்னொரு நாள் கேட்டார்.

"அதைப் பற்றி ஒவ்வொருத்தர் ஒவ்வொண்டு சொல்லுவினம். இண்டைக்கு என்ன செய்யவேணும் எண்டதிலதான் எங்களுக்குள்ள சண்டை அதிகம்" என்றார் ஹெர்ஷல்.

எருசலேமில் அவர்களுக்கு ஒரே ஒரு கோயில் இருந்தது. அதை ரோமர்கள் இடித்த பிறகு பலி கொடுக்க இடமில்லை. றபாய் எனப்படும் மத ஆசான்கள் வழிபாட்டைப் பிரார்த்தனைக்கும் படிப்புக்கும் வீட்டுக்கும் கொண்டுவந்தார்கள். பலிபீடம் இருந்த இடத்தில் இப்போது சாப்பாட்டு மேசை என்று அவர்கள் சொல்வதுண்டு. குசினி ஏன் இவ்வளவு முக்கியம் என்று அன்றைக்குத்தான் தனக்கு விளங்கியது என்பார் கஜீவன் அண்ணை. ஆனாலும் முழுதாக விளங்கவில்லை என்பது போன நவம்பரில் தெரிந்தது.

அந்த மாதம் குசினி இரண்டு தெரு தள்ளிப் புதுக் கட்டடத்துக்கு மாறியது. புது இடம் இறைச்சிச் சமையலுக்கு மட்டும். அடுப்பு புதிது, பானைகள் புதிது. முதல் வேலையாக ஒரு கல்யாண வீட்டின் வெள்ளி விருந்து வந்திருந்தது. முதலாளி றிச்சர்ட், "இது நல்லா முடிஞ்சா புதுக் குசினிக்குத் தலைமைச் சமையல்காரர் நீர்தான்" என்று சொல்லியிருந்தார். கஜீவன் அண்ணை அதை வீட்டில் நாலு தரமாவது சொல்லியிருப்பார்.

புதன் மாலை அவருடைய மனைவி அட்சயா அக்கா கேட்டார், "பால் காய்ச்சாமலோ புதுக் குசினியில உலை வைக்கப் போறியள்?"

"அது அவையின்ர இடமப்பா."

"அவையின்ர இடமெண்டாலும் நிண்டு சமைக்கப்போறது நீங்கள்தானே?"

கஜீவன் அண்ணை கணக்குப் போட்டுப் பார்த்தார். இறைச்சியும் பாலும் சேரக்கூடாது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் இறைச்சி இன்னும் வரவில்லையே. வருவதற்கு முன் காய்ச்சித் துடைத்துவிட்டால் எதோடு எது சேரப்போகிறது? வியாழன் காலை கதவைத் திறக்கும் திறப்பு அவரிடம் இருந்தது. யாரும் வருமுன் வாசலில் தேங்காய் உடைத்தார். புது அடுப்பில் புதுப் பானையை வைத்துப் பாலை ஊற்றி, தானே அடுப்பை மூட்டினார். பால் பொங்கிக் கிழக்குப் பக்கம் வழிந்தது. நல்ல சகுனம் என்று சந்தோசப்பட்டு நிற்கும்போது ஹெர்ஷல் உள்ளே வந்தார்.

"உதென்ன மணம்?"

"பால்."

"என்ன பால்?"

"பசுப்பால்தான். கொழுப்புக் கூடின நல்ல பால்."

"எந்தப் பானையில?"

"புதுப் பானையில. புதுசிலதான் காய்ச்சவேணும்."

"ஆர் அடுப்பு மூட்டினது?"

அப்போதுதான் கஜீவன் அண்ணைக்கு அந்த விதி ஞாபகம் வந்தது. எட்டி அடுப்பை அணைத்தார். ஹெர்ஷல் வெங்காய மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

பின்னால் வந்த றிச்சர்ட் விசயத்தைக் கேட்டுச் சிரித்தார். "ஒரு பானைப் பால்தானே. துடைச்சு விடுங்கோ."

"துடைச்சாலும் எனக்குத் தெரியும்" என்றார் ஹெர்ஷல்.

"உமக்கு மட்டும்தானே தெரியும்?"

"அது போதாதோ?"

இரண்டு பேரும் யூதர்கள்தான், ஆனால் பிரிவு வேறு. ஹெர்ஷல் ஓர்த்தடொக்ஸ். தோராவும் அதன் சட்டங்களும் கடவுள் தந்தவை, அவற்றை மனிதர் மாற்றமுடியாது என்பது அவர்கள் நிலை. வெள்ளி சூரியன் மறைந்தது முதல் சனி இருட்டும்வரை ஷபாத், அதாவது ஓய்வுநாள். அவர் அன்று சமைக்கமாட்டார், கார் ஓட்டமாட்டார், லைற் சுவிச் போடமாட்டார், தொலைபேசியைத் தொடமாட்டார். றிச்சர்ட் றிஃபோர்ம் பிரிவு. ஜெர்மனியில் இருநூறு வருடங்களுக்கு முன் தொடங்கியது. நீதியாக வாழ்வதுதான் சாரம், எந்தச் சடங்கைக் கைக்கொள்வது என்று படித்து அறிந்து அவரவர் முடிவு செய்யலாம் என்பார்கள். றிச்சர்டின் தொழுகைக்கூடத்தில் றபாய் ஒரு பெண். இரண்டுக்கும் நடுவில் கொன்சர்வேற்றிவ் என்று ஒரு பிரிவு. சட்டம் கட்டாயம், ஆனால் காலத்தோடு அது வளரும் என்பது அவர்கள் கட்சி.

"என்ர ஃபிரிட்ஜில இறால் கிடக்கு. இவன் என்ர வீட்டுக்கு வந்தால் தண்ணி மட்டும்தான் குடிப்பான்" என்று றிச்சர்ட் பகிடி விடுவார். இறால் கோஷர் இல்லை.

அன்றைக்கு அவர் பகிடியை நிறுத்தினார். "இது என்ர வீடில்லை. கல்யாணப் பொம்பிளை பகுதி ஓர்த்தடொக்ஸ். ஹெர்ஷல் சரியெண்டு சொல்லாட்டி அவையள் ஒரு வாய் வைக்கமாட்டினம். நாளைக்குப் பொழுதுபட முதல் சமைச்சு முடிக்காட்டியும் அதே கதைதான். றபாய்க்கு ஃபோன் அடியும்" என்று ஹெர்ஷலிடம் சொல்லிவிட்டு, கஜீவன் அண்ணையைப் பார்த்தார். "உம்மைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை கதைப்பம்."

ஹெர்ஷல் றபாயை அழைத்து, எல்லோருக்கும் கேட்கத் தொலைபேசியின் சத்தத்தைக் கூட்டி வைத்தார். இறைச்சி ஏதும் சமைத்தாயிற்றா, பால் எந்த அடுப்பில் வழிந்தது, வேறு எதிலும் பட்டதா என்று றபாய் ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியில், "ஏன் பால் காய்ச்சினவர்?" என்றார்.

"இந்தக் குசினியில ஒரு குறையும் வரக்கூடாதெண்டு" என்றார் கஜீவன் அண்ணை.

"நல்ல நோக்கம். பிழையான பால்" என்றார் றபாய்.

தீர்ப்பு இதுதான். பால் வழிந்த அடுப்பின் இரும்புத் தட்டியைச் சிவக்கச் சிவக்கச் சுடவேண்டும். அந்தப் பானையில் இனி இறைச்சி சமைக்கக்கூடாது. வேறு ஒன்றிலும் பால் படாதபடியால் மற்ற அடுப்புகளுக்குப் பழுதில்லை. ஆனால் சுத்தம் முடியும்வரை சமையல் தொடங்கக்கூடாது.

ஹெர்ஷல் நெருப்புப் பீச்சும் பெரிய காஸ் துப்பாக்கியால் தட்டியைச் சுட்டார். குசினியெல்லாம் புகை. மற்றப் பானைகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்த கஜீவன் அண்ணை, அந்தப் புதுப் பானைகளில் ஏற்கெனவே தண்ணீர் காய்ந்த தடம் இருப்பதைக் கவனித்தார். காரணம் கேட்டார்.

"புதுப் பாத்திரத்தை நாங்கள் அப்பிடியே அடுப்பில வைக்கிறேல்லை. அதுக்கெண்டு ஒரு நீர்த்தொட்டி இருக்கு. அதில முக்கியெடுத்துப் பிரார்த்தனை சொல்லுவம்" என்றார் ஹெர்ஷல்.

"அப்ப நான் செய்ததும் உதுதானே?"

ஹெர்ஷல் துப்பாக்கியை நிறுத்திவிட்டு யோசித்தார். "ஓம். நாங்கள் தண்ணியில, நீர் நெருப்பில" என்றார்.

பாதி நாள் போய்விட்டது. மிச்சப் பாதியில் கஜீவன் அண்ணை இரண்டு நாள் வேலையைச் செய்து தள்ளினார். வெங்காயம் வெட்டிய கையோடு கோழி, கோழி ஊறும்போது உருளைக்கிழங்கு. வெள்ளி மதியம் சூப் கொதிக்கும்போதுதான் அடுத்த சிக்கல். முதல்நாள் புகையால் ஹெர்ஷலுக்கு மூக்கடைத்து ருசி தெரியவில்லை.

"நீர் ஒரு கரண்டி குடிச்சுப் பாருமன்" என்றார்.

"வெள்ளிக்கிழமை. என்னாலயும் ஏலாது."

கடைசியில் றிச்சர்டைக் கூப்பிட்டார்கள். அவர் குடித்துப் பார்த்து, "உப்புக் கொஞ்சம் காணாது" என்றார். போட்டபின் திரும்பவும் குடித்தார். "என்ர அம்மாவின்ர சூப்பைவிட நல்லாயிருக்கு. உதை வெளியில சொல்லிப்போடாதேங்கோ."

நவம்பரில் ஐந்து மணிக்கே பொழுது பட்டுவிடும். கடைசித் தட்டு விருந்து மண்டபத்துக்குள் போய்ச் சூடாக்கியில் ஏறியபோது பெண்கள் ஷபாத் மெழுகுதிரி ஏற்ற ஆயத்தமாகிக்கொண்டிருந்தார்கள். ஹெர்ஷல் தொலைபேசியை நிறுத்திப் பைக்குள் போட்டார்.

பரிமாறும் கதவுக்குப் பின்னால் நின்று கஜீவன் அண்ணை எல்லாவற்றையும் பார்த்தார். பெண் வீட்டார் நடந்தே வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் றிஃபோர்ம். காரில் வந்தாலும் மற்றவர்களின் மனம் நோகக்கூடாதென்று அடுத்த தெருவில் நிறுத்திவிட்டு நடந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் கொன்சர்வேற்றிவ் அத்தை குடும்பம் இரண்டு மேசைக்கும் நடுவில் இருந்தது. திராட்சை ரசக் கிண்ணத்தை உயர்த்திப் பாடியபோது எல்லோருக்கும் அதே பாட்டுத் தெரிந்திருந்தது. சூப்புக்கு இரண்டாம் தரம் ஆள் அனுப்பியது அத்தையின் மேசை.

சனிக்கிழமை குசினி பூட்டு. கஜீவன் அண்ணைக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஞாயிறு காலை புறப்படும்போது, "என்ன பேசினாலும் வாயைத் திறக்காதேங்கோ" என்று அட்சயா அக்கா சொல்லியனுப்பினார்.

குசினியில் ஹெர்ஷல் ஒரு புதுப் பானையோடு காத்திருந்தார். பக்கத்தில் வியாழக்கிழமை உடைத்து ஃபிரிட்ஜில் வைத்திருந்த தேங்காய்ப் பாதிகள், கூடவே புதிதாக இரண்டு தேங்காய்.

"தேங்காய்ப்பால் காய்ச்சினா உங்கட கடவுள் கோவிப்பாரோ?" என்று கேட்டார். "எங்கட சட்டத்தில தேங்காய் இறைச்சியும் இல்லை, பாலும் இல்லை. எதோடயும் சேரும்."

"கோவிக்கமாட்டார். ஆனா ஏன் இப்ப?"

றிச்சர்ட் கைகளைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றார். "தலைமைச் சமையல்காரர் முறையாத் தொடங்கி வைக்காட்டி, நாளைக்கு ஏதும் பிழைச்சா என்னைத்தானே குறை சொல்லுவீர்" என்றார்.

கஜீவன் அண்ணை ஜக்கெற்றைக் கழற்றித் தேங்காய் துருவத் தொடங்கினார்.

ஹெர்ஷல் அடுப்பை மூட்டினார். கஜீவன் அண்ணை பிழிந்த தேங்காய்ப்பாலை ஊற்றினார். பிறகு ஹெர்ஷல் வெறும் தேங்காய்ச் சிரட்டைகளைப் பானைக்குப் பக்கத்தில் அடுக்கினார். ஏன் என்று கேட்டதற்கு, "வெள்ளையாப் பொங்கிறதைப் பாத்து ஆரும் பசுப்பால் எண்டு நினைக்கக்கூடாது. உதுதான் சாட்சி" என்றார்.

பால் நுரைத்து மேலே வந்தது.

"எந்தப் பக்கம் வழிஞ்சா நல்லது?" என்று றிச்சர்ட் கேட்டார்.

"கிழக்கால."

"கிழக்கு எது?"

"எனக்குத் தெரியும்" என்று ஹெர்ஷல் உடனே கையை நீட்டினார். "எருசலேம் அங்காலதான். அந்தப் பக்கம் பாத்துத்தான் நாங்கள் பிரார்த்தனை செய்யிறது."

கஜீவன் அண்ணை பானையை ஒரு விரலளவு அந்தப் பக்கம் சரித்துப் பிடித்தார்.