கல்யாணம் நிற்காத படம்

வீடியோ டெக் வாடகைக்கு எடுக்கலாம் என்று அப்பா தலையாட்டிய அன்றே தெரு முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டேன். ஐந்தாம் வகுப்பு முழுப் பரீட்சை முடிந்திருந்தது. யார் யார் வரலாம், யார் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்பதையெல்லாம் நானே முடிவு செய்தேன். வகுப்பில் எனக்கு ரப்பர் தராத ஒருத்தியை வாசலோடு நிறுத்திவிடுவது என்றும் தீர்மானம். படத்தை மட்டும் அப்பா தேர்ந்தெடுப்பார் என்றாள் அம்மா. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அப்பா பீங்கான் கம்பெனியில் சூளை பார்ப்பவர். சூளையிலிருந்து இறக்கிய ஊறுகாய் ஜாடிகளை நகத்தால் தட்டி, சத்தத்திலேயே விரிசலைக் கண்டுபிடித்து ஒதுக்கிவிடுவார். பாலக்கரை கேசட் கடையிலும் அதே வேலையைத்தான் செய்தார். கடைக்காரர் ஒவ்வொரு கேசட்டாக எடுத்துப்போட, அப்பா ஒரே கேள்வியைக் கேட்டார்.

“இதுல கல்யாணம் எதனா நின்னு போவுதாங்க?”

கடைக்காரர் முதலில் நல்லபடியாகத்தான் பதில் சொன்னார். இதில் நிற்கும், இதில் கடைசியில் நிற்கும், இதில் இரண்டு தடவை நிற்கும். காதல் படம், சண்டைப் படம், குடும்பப் படம் என்று மேஜை நிறைந்துவிட்டது. தமிழ்ப் படத்தில் மேளம் கொட்டினாலே யாராவது ஓடிவந்து நிறுத்தச் சொல்வார்கள் என்பது அப்பாவுக்குத் தெரியாததா? இருந்தும் விடவில்லை.

“கல்யாணம் நிக்காத படத்துக்கு நான் எங்கண்ணே போவேன்? சாமி படத்துலயே நிக்கிது!” என்றார் கடைக்காரர். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கடைக்காரர் மகன் என் வகுப்புதான். ஸ்டூலில் உட்கார்ந்து என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

அப்பா யாருக்காக அப்படி அலசினார் என்பது எனக்கு அப்போது தெரியாது. எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. அதே கம்பெனியில் பொம்மைகளுக்குத் தண்ணீர் தொட்டு மழமழப்பாகத் தேய்த்துவிடும் வேலை. இடது முழங்கைக்குக் கீழே சூளைக் கதவு சுட்ட பெரிய தழும்பு உண்டு. நான் பிறப்பதற்கு முன்பு அவளுடைய கல்யாணம் மணவறை வரைக்கும் போய் நின்றுவிட்டது. வீட்டில் அதைப்பற்றி யாரும் மூச்சுவிட மாட்டார்கள். ஒருமுறை எல்லோருமாகத் தியேட்டருக்குப் போனபோது, அப்படி ஒரு காட்சியில் அத்தை தலைவலி என்று எழுந்து வெளியே போனாளாம். அன்றிலிருந்து அப்பா எங்களைத் தியேட்டருக்கே கூட்டிப்போனதில்லை.

கடைசியில் கடைக்காரர் ஒரு யானைப் படத்தை எடுத்தார். “புள்ளைங்க படம்ணே. பயப்படாம எடுத்துட்டுப் போங்க. ஆனைக்கு ஏது கல்யாணம்?” மறுபடியும் சிரிப்பு. அப்பா கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் டிவியும் டெக்கும் போர்வை சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தன. கூடத்தில் கால் வைக்க இடமில்லை. வாசலோடு நிறுத்த வேண்டியவளே முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அத்தை எல்லோருக்கும் பொரி கொடுத்துவிட்டு, சமையலறை நிலைப்படியில் சாய்ந்துகொண்டாள். யானை குளித்தது, பந்து விளையாடியது, திருடனைத் துரத்தியது. அப்பாகூட ஓரிடத்தில் சிரித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு மேளச் சத்தம் கேட்டது. வில்லன் மாப்பிள்ளைக் கோலத்தில் தாலியை எடுக்கிறான். கதாநாயகி அழுகிறாள். பந்தல் கால் முறிய, யானை உள்ளே வருகிறது. பிள்ளைகள் கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தினார்கள். “நிறுத்து! நிறுத்து!” என்று நானும்தான் கத்தினேன்.

அப்பா சட்டென்று எழுந்து டிவிக்கு முன்னால் போய் நின்றுவிட்டார்.

“கோடு வருது” என்று சொல்லி டிவியின் தலையில் தட்டினார். ஒரு கோடும் வரவில்லை. அவருடைய வேட்டிக்கு இந்தப் பக்கம் துதிக்கை நுனியும் அந்தப் பக்கம் மாலை நுனியும் தெரிந்தன.

“மாமா, மறைக்குது!”

“உங்கப்பாவுக்கு நிக்க வேற எடமே கெடைக்கலியாடி?” என்று பக்கத்திலிருந்தவள் கேட்டாள். அப்பா நகரவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தட்டியபடியே இருந்தார். நான் பாவாடையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். இந்த அப்பாவுக்குப் பதில் வேறு யாராவது எனக்கு அப்பாவாக இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன்.

“அண்ணே, நவுருங்க. நான் பாக்கணும்.”

அத்தையின் குரல். பாவாடையை விலக்கிப் பார்த்தேன். அப்பா திரும்பி அவளைப் பார்த்தார். பிறகு மெல்ல விலகினார். யானை துதிக்கையால் தாலியைப் பிடுங்க, வில்லன் மணவறையிலிருந்து உருண்டு விழுந்தான். எல்லோரும் கை தட்டினார்கள். தட்டி ஓய்ந்தார்கள். அதற்குப் பிறகும் ஒரு கைத்தட்டல் மட்டும் கேட்டது. அத்தை நிலைப்படியில் நிமிர்ந்து உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி தட்டிக்கொண்டிருந்தாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தபடி வெளியே போய்விட்டார். அப்பா ஒரு பக்கம், அத்தை ஒரு பக்கம் என்று என் மானத்தை வாங்கினார்கள். நான் மறுபடியும் பாவாடைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

லீவு முடிந்து ஸ்கூல் திறந்தபோது எனக்கு ‘கோடு வருது’ என்று பட்டப்பெயர் வந்திருந்தது. கடைக்காரர் மகன் உபயம். அந்த வருஷம் முழுக்க அப்பாவோடு பாலக்கரைப் பக்கம் போக மாட்டேன் என்று அடம்பிடித்தேன். அவர் ஏன் என்று கேட்கவே இல்லை.

எனக்கு வரன் பார்க்க ஆரம்பித்தபோதுதான் அம்மா முழுக்கதையையும் சொன்னாள். அத்தை மணவறையில் உட்கார்ந்திருக்கும்போது, மாப்பிள்ளையின் அக்கா அவளுடைய கையைத் தூக்கி, “இவ்ளோ பெரிய தழும்ப மறைச்சிட்டீங்களே” என்று எல்லோருக்கும் காட்டியிருக்கிறாள். மாப்பிள்ளை சிரித்திருக்கிறார். மேளத்தை நிறுத்தச் சொன்னது அப்பா. “நீ எழுந்துரும்மா” என்று தங்கையைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்துவிட்டார். மண்டபத்தில் ஒருவர்கூட அவர் பக்கம் பேசவில்லை. கொஞ்சம் பொறுத்துப் போயிருந்தால் அந்தப் பெண்ணுக்கு ஒரு வாழ்க்கை அமைந்திருக்கும் என்று சொந்தக்காரர்கள் அவர் முகத்துக்கு நேராகவே சொன்னார்களாம். அதற்குப் பிறகு அத்தைக்கு எந்த வரனும் அமையவில்லை. செய்தது சரியா என்று தங்கையிடம் கேட்கும் தைரியம் அப்பாவுக்கு வரவில்லை. அவளும் வாய் திறந்து எதுவும் சொன்னதில்லை.

அன்றைக்குப் பாவாடைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அத்தை யானைக்குத்தான் கை தட்டுகிறாள் என்று நான் நினைத்தேன்.