கேர்னலின் புலம்பல்

பள்ளிவாசல்துறையில் நிஸார் நானாவின் இறால் பண்ணைக் கணினியைப் பராமரிப்பது நான்தான். குளத்து நீரின் ஒட்சிசன் அளவை அது திரையில் காட்டும். ஒருநாள் அதன் வட்டு நிரம்பி, கணினியே நின்றுவிட்டது. இயங்குதளத்தின் மையமான கேர்னல், எல்லாவற்றையும் வட்டில் எழுதிவைக்கும் பதிவுச் சேவைக்கு ஒரே முறைப்பாட்டை ஓயாமல் அனுப்பியிருந்தது. எனக்கு எரிச்சல் வந்தது. என்ன முறைப்பாடு என்று வாசிக்காமலே வட்டைக் காலிசெய்து, இரண்டுக்கும் இடையிலான தொடர்பைத் துண்டித்தேன்.

"இனிக் கரைச்சல் தராது நானா" என்றேன் பெருமையாக.

அடுத்த வாரம் அவர் அழைத்தார். "தங்கச்சி, திரையில ஒட்சிசன் நல்லாத்தான் ஈக்கிது. ஆனா எறால் எல்லாம் மேல வந்து தவிக்கிது!"

நான் போய்ச் சேர்வதற்குள் நீரைக் கலக்கி ஒட்சிசன் ஏற்றும் சக்கரங்களை அவரே ஓடவிட்டிருந்தார். திரையில் பழைய அளவே உறைந்து நின்றது. பதிவுகளைத் திறந்தேன், ஒன்றுமில்லை. என் கைவேலை.

கடைசியில் கேர்னலிடமே நேரடியாகக் கேட்டேன். வரிகள் கொட்டின. ஒட்சிசனை அளக்கும் உணரியின் இணைப்பு அறுந்து அறுந்து போவதை அது தனக்குள் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. கேட்க வேண்டியவர்களின் காதைத்தான் நான் பொத்தியிருந்தேன்.

உப்புக்காற்றில் துருப்பிடித்திருந்த உணரியின் செருகியை மாற்றினோம். இறால்கள் மெல்ல அடிக்கு இறங்கின. நானாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏசத்தான் நினைச்சன். ஆனா மறைச்சிருந்தீங்கன்டா எனக்கு விளங்கியுமிருக்காது. அடுத்த குளத்துக்கும் இந்த மாதிரிக் கணினிய நீங்களே பூட்டித் தாங்க" என்றார்.

ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தால் எனக்கு இப்போதும் எரிச்சல்தான். ஆனால் வாசித்துவிட்டுத்தான் எரிச்சல்படுகிறேன்.