லொரெய்ன் கழற்றியதும் மாட்டியதும்

என் மனைவி லொரெய்ன், இங்கிலாந்தில் ஸ்லீஃபர்ட் என்கிற ஊரில், பள்ளிக்கூடச் சமையல்காரியாக இருந்தாள். மாவோ உப்போ, எடை போடாமல் எதையும் அண்டாவில் கொட்டமாட்டாள். அந்தப் பழக்கம் சமையலறையோடு நின்றிருந்தால் இதை எழுத எனக்கு ஒன்றும் இருந்திருக்காது.

பாதிரியாரின் மகன் விற்ற வெள்ளை பெஜோ 106 கார் அது; பந்தயத்தடத்தில் ஓட்டவென்றே வாங்கினாள். உருவத்தில் சின்னது, இன்ஜினில் பெரிய மனசு. வாங்கி வந்த அன்றே, காபி குடிக்கும் முன், சமையலறைத் தராசை முற்றத்துக்கு எடுத்துக்கொண்டு போனாள். பின் இருக்கையைக் கழற்றினாள். தரைக் கம்பளம், கதவு அட்டைகள், சாம்பல் கிண்ணம் எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஒவ்வொன்றையும் தராசில் வைத்து, அதன் எடையை ஒட்டுநாடாவில் எழுதி அதன்மேலேயே ஒட்டி, தோட்டத்துக் கொட்டகையில் அடுக்கினாள்.

"அந்தச் சாம்பல் கிண்ணத்துக்குமா லேபிள்?" என்றேன்.

"அதுவும் எடைதானே மால். வளைவுல திரும்பும்போது அதையும் நான்தான் சுமக்கணும்."

காரின் தரையில் சத்தத்தை அடக்கத் தார்ப் படலம் ஒட்டியிருப்பார்கள். அதைச் சுரண்டி எடுக்கிறவர்களுக்கு மணிக்கட்டு போய்விடும். லொரெய்ன் கிரிம்ஸ்பி மீன் துறைமுகத்துக்குப் போய் மீனை உறையவைக்கிற உலர்பனியை ஒரு பெட்டி வாங்கி வந்து தரையில் பரப்பினாள். குளிரில் விறைத்த தாரைச் சுத்தியலால் தட்டியதும் அது அப்பளம் போல நொறுங்கி வந்தது. பெருக்கி அள்ளிய தூளையும் எடை போடாமல் விடவில்லை.

அதன்பின் பிரேக்குகள், ஸ்பிரிங்குகள், பிடிப்பான டயர்கள். ஸ்டீயரிங்கை லேசாக்கும் பம்பையும் அதன் குழாய்களையும் எடுத்துவிட்டாள். சாலை சொல்வது அப்போதுதான் கைக்கு நேராக வரும் என்பாள். கார் நின்றிருக்கும்போது ஸ்டீயரிங்கைத் திருப்புவது உரலை நகர்த்துகிற மாதிரி ஆகிவிட்டது. மாவு மூட்டை தூக்கிப் பழகிய கை அவளுடையது, அதனால் அதை அவள் பொருட்படுத்தவில்லை.

கடைசியில் என் இருக்கை. அதற்கு மட்டும் அனுமதி கேட்டாள்.

"நீ இதுல டிராக்குக்கு வருவியா?"

"எனக்குத் தலை சுத்தும்."

"அப்போ உன் சீட்டையும் எடுத்துடறேன். சீட்டு பதினாலு கிலோ. நீ எத்தனைன்னு நான் கேக்கலை."

அதிலிருந்து அவள் முன்னால் அந்த வெள்ளைக் காரில் போவாள். நான் மாற்று டயர்கள் நான்கையும் தேநீர்ப் போத்தலையும் பன்றியிறைச்சி ரொட்டியையும் ஏற்றிக்கொண்டு குடும்பக் காரில் பின்னால் போவேன். போகிற இடம் கேட்வெல் பந்தயத்தடம். அங்கே போட்டி நடக்காத நாட்களில் யார் வேண்டுமானாலும் தங்கள் காரை ஓட்டலாம். பரிசும் கிடையாது, நேரம் குறிப்பவரும் கிடையாது. அவளுக்கு ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது: கார் தன் சக்கரத்தில் வர வேண்டும், தடத்தில் ஓட வேண்டும், தன் சக்கரத்திலேயே வீடு திரும்ப வேண்டும். ட்ரெய்லரில் ஏற்றிக் கொண்டுவரும் ஸ்டூவர்ட் என்கிற பண்ணைக்காரனுக்கும் அவளுக்கும் ஒவ்வொரு முறையும் இதே பேச்சு.

"என்ன சமையல்காரம்மா, இன்னிக்கு எந்தக் கரண்டியைக் கழட்டிட்டு வந்தே?"

"உன் காரை எப்போ தொட்டில்லேருந்து இறக்கப் போறே ஸ்டூ? அது நடக்கப் பழகிடுச்சா?"

ஹார்ன்காஸில் ஊருக்கு வெளியே, பழைய உருளைக்கிழங்குக் கிடங்கில் நெவில் பட்டறை வைத்திருக்கிறார். ஓட்டுநர் உள்ளே உட்கார்ந்திருக்க, காரின் நான்கு சக்கரங்களுக்கும் அடியில் நான்கு தட்டுத் தராசுகளை வைப்பார். எந்த மூலையில் எவ்வளவு பாரம் என்று பார்த்து ஸ்பிரிங்குகளைத் திருகிச் சரிசெய்வார். அப்போதுதான் இடப்பக்க வளைவிலும் வலப்பக்க வளைவிலும் கார் ஒரே மாதிரி திரும்பும். வந்த எடையைச் சுவரில் சாக்குக்கட்டியால் எழுதி வைப்பார். இலையுதிர் காலத்தில் ஒரு முறை, குளிர் முடிந்ததும் ஒரு முறை லொரெய்ன் அங்கே போவாள்.

போன வருடம் மார்ச்சில் நானும் கூடப் போயிருந்தேன். அவள் ஹெல்மெட்டோடு உள்ளே உட்கார்ந்தாள். நெவில் எண்களைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடி எண்களைப் பார்த்தார்.

"லொரெய்ன், குளிர் காலத்துல எதைக் கழட்டினே?"

"ஒண்ணும் கழட்டலையே."

"ஒன்பது கிலோ குறையுது."

"நிஜமாவா?" அவள் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "ஒன்பது கிலோவா? ஓசியிலயா? நெவில், உன் தராசுக்கு முத்தம் குடுக்கணும்!"

நெவில் பெட்ரோல் அளவைப் பார்த்தார், சரியாக இருந்தது. டயர்கள் அதே டயர்கள்தான். தட்டுகளைத் துடைத்து மறுபடி வைத்தார். அப்போதும் அதே எண். லொரெய்ன் உள்ளே இருந்தபடியே, பேட்டரியா, ஜன்னலா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். எதையோ ஜெயித்தவள் மாதிரி அவள் முகம் மலர்ந்திருந்தது.

"கொஞ்சம் இறங்கு கண்ணு," என்றார் நெவில்.

அவள் இறங்கினாள். அவர் வெறும் காரின் எடையைக் கூட்டிப் பார்த்தார். பிறகு சாக்குக்கட்டியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"கார் அப்படியே இருக்கு லொரெய்ன். கார்ல ஒண்ணும் குறையலை."

சாப்பாடு இறங்கவில்லை என்று அவள் பனிக்காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். பள்ளிக்கூடச் சமையல் வாடையே அப்படித்தான் என்று இருவரும் நினைத்திருந்தோம். அவள் தன் பெல்ட்டைக் குனிந்து பார்த்தாள். "ஸ்பிரிங்கை இப்போ திருகாதே நெவில். முதல்ல நான் ஒரு இடத்துக்குப் போயிட்டு வர்றேன்."

மருத்துவமனையில் டாக்டரம்மா, எடை குறைவதை எப்போது கவனித்தீர்கள் என்று கேட்டார்.

"கார் தராசுல பார்த்தேன் டாக்டர்."

அந்த அம்மாள் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். வேறு யாரும் அவரிடம் அப்படிச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

கணையத்தில் புற்றுநோய் இருந்தது. அறுவைச் சிகிச்சை நடந்தது. பிறகு மருந்து ஏற்றினார்கள். அடுத்த வசந்தத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. செப்டம்பரில் கேட்வெல்லில் ஒரு நாளுக்கு அவள் முன்பே பெயர் கொடுத்திருந்தாள். சமையலறைச் சுவரில் தொங்கிய நாட்காட்டியில் அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டாள்.

"இது மட்டும் மாறாது," என்றாள். "என் கார்ல போறேன், ஓட்டறேன், திரும்பி வர்றேன். அதுக்கப்புறம் அவங்க எந்த ஊசியை வேணாலும் போட்டுக்கட்டும்."

கோடை முழுக்க அதற்காகவே சாப்பிட்டாள், அதற்காகவே நடந்தாள். தினமும் காலையில் நின்றிருக்கும் காரில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இந்தக் கோடிவரை, பிறகு அந்தக் கோடிவரை திருப்பிப் பழகினாள். முதலில் பாதி தூரம் போனது. ஒரு காலையில் முழுக்கப் போனது. எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அடுத்த நாள் கடைக்குப் போனவள், வண்டி நிறுத்துமிடத்திலிருந்து காரை வெளியே எடுக்கத் திருப்ப முடியாமல் பாதி வளைவில் நின்றுவிட்டாள். தள்ளுவண்டிகளை அடுக்குகிறவர் வந்து ஜன்னல் வழியாகக் கைவிட்டுத் திருப்பிக் கொடுத்தாராம்.

விஷயம் கேள்விப்பட்டு நெவில் வீட்டுக்கே வந்துவிட்டார். "என்கிட்ட ட்ரெய்லர் சும்மா கிடக்கு. நான் இழுத்துட்டு வர்றேன். அங்க இறக்கி நாலு சுத்து ஓட்டு. யாரு என்ன சொல்லப் போறாங்க?"

"நான் சொல்வேன். என்னைத் தூக்கிட்டுப் போற நாள் தனியா வரும் நெவில். அதை இப்பவே காருக்குப் பண்ணிப் பார்க்கவேண்டாம்."

அவர் போன பிறகு அவள் வெகுநேரம் முற்றத்தில் நின்றாள். பிறகு கொட்டகைக் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. ஒட்டுநாடா லேபிளோடு அந்தப் பம்பைத் தூக்க முடியாமல் தரையில் இழுத்துக்கொண்டு வந்தாள்.

"மாட்டு," என்றாள்.

"நானா?"

"வேற யாரு? நான் சொல்றேன், நீ திருகு. முப்பது வருஷமா பசங்களுக்குச் சரித்திரம் சொல்லிக்குடுத்தே. ஒரு போல்ட்டை முடுக்கத் தெரியாதா?"

அவள் கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்தாள். நான் காருக்கடியில் மல்லாந்து படுத்தேன். எண்ணெய் கண்ணில் சொட்டியது. "இடப்பக்கம் இல்லை, உன் இன்னொரு இடப்பக்கம்" என்று அவள் கத்தியது பக்கத்து வீடு வரை கேட்டிருக்கும். சில நாட்கள் பிடித்தது. முடிந்ததும் அவள் உள்ளே உட்கார்ந்து ஒரு விரலால் ஸ்டீயரிங்கைத் திருப்பினாள். முகத்தைச் சுளித்தாள். "வெண்ணெய் மாதிரி இருக்கு. அசிங்கம்." ஆனால் மறுபடி திருப்பிப் பார்த்தாள்.

பிறகு மறுபடியும் கொட்டகைக்குள் போனாள்.

"இப்போ என்ன தேடறே?"

"உன் சீட்டை."

"வேண்டாம் லொரெய்ன். பதினாலு கிலோ. அதுக்கு மேல நான் வேற."

"பம்ப் ஏறியாச்சு. கெட்டது கெட்டாச்சு, நீயும் ஏறு. நடுவுல நான் தளர்ந்துட்டா எனக்கு ஒரு ஆள் வேணும். பின்னாடி வேற கார்ல வர்ற ஆள் போதாது. பக்கத்துல வேணும்."

நெவிலின் தட்டுகளில் இந்த முறை இருவரும் ஏறி உட்கார்ந்தோம். இடது முன்பக்கம் ஏகத்துக்கும் பாரம் காட்டியது. நெவில் என் வயிற்றைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"அவனைச் சொல்லாதே. அது நான் போட்ட சாப்பாடு," என்றாள் லொரெய்ன். "ஸ்பிரிங்கைத் திருகு."

அந்த நாள் மேகமூட்டமாக இருந்தது. மாற்று டயர்கள் இல்லை, குடும்பக் கார் இல்லை. ஒரே காரில், தேநீர்ப் போத்தலை என் கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு போனோம். ஸ்டூவர்ட் தன் ட்ரெய்லர்மேல் சாய்ந்து நின்றிருந்தான்.

"என்ன இது, ரெண்டு சீட்டு? டவுன் பஸ் ஆயிடுச்சா?"

"ஆமா. டிக்கெட் எடுக்கறியா?"

அவன் சிரிக்க ஆரம்பித்தான். அவள் தலையில் கட்டியிருந்த துணியையும் கன்னத்தையும் பார்த்துச் சிரிப்பைப் பாதியில் விட்டான். கொஞ்ச நேரம் கழித்துத் தன் மடக்கு நாற்காலியை எங்கள் கார் பக்கத்தில் விரித்து வைத்துவிட்டுப் போனான்.

நான் அந்தத் தடத்தை வேலிக்கு வெளியே நின்று பல வருடங்கள் பார்த்திருக்கிறேன். உள்ளே அது வேறு ஊர். மரங்களுக்கு நடுவே சாலை விழுகிறது, திரும்புகிறது, சட்டென்று செங்குத்தாக ஏறுகிறது. அந்த ஏற்றத்தின் உச்சியில் காரின் முன்பக்கம் ஒரு கணம் பாரமற்றுப் போனது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"கண்ணைத் திற மால்! நான் இங்க கஸ்டர்ட் கிண்டிக்கிட்டு இல்லை!"

திறந்தேன். அவள் கைகளைப் பார்த்தேன். எலும்பெடுத்த மணிக்கட்டு, ஆனால் பதற்றமே இல்லை. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் பிரேக்கை அழுத்தி, விட்டு, அதன்பிறகே திருப்பினாள். வேகமானவர்களுக்குக் கைகாட்டி வழிவிட்டாள். முன்பெல்லாம் அப்படி விடமாட்டாள். சில சுற்றுகளிலேயே அவளுக்கு மூச்சு வாங்கியது. வெளியே வந்து ஸ்டூவர்ட்டின் நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, தேநீர் குடித்தாள். பிறகு எழுந்து, "ஏறு" என்றாள். அன்று முழுக்க அப்படித்தான். பிற்பகலில் தூறல் விழுந்தது. பலர் காரை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அவள் கடைசிக் கொடி காட்டும்வரை ஓட்டினாள்.

வீட்டுக்குக் கிளம்பினோம். ஹார்ன்காஸில் தாண்டும்வரை பேசிக்கொண்டே வந்தாள். பிறகு பேச்சு நின்றது. கோனிங்ஸ்பி விமானத்தளத்தின் கம்பிவேலி ஓரம், விமானம் பார்க்க வருகிறவர்கள் வண்டி நிறுத்துகிற இடத்தில் காரை ஒதுக்கி நிறுத்தினாள். இரண்டு கைகளும் மடியில் கிடந்தன.

எனக்கு அவளைப் பார்க்கத் தெம்பில்லை. அவள் கோடை முழுக்க எதற்காகச் சாப்பிட்டாளோ அது இந்த வேலி ஓரத்தில் முடிகிறது என்று நினைத்தேன். "நெவிலைக் கூப்பிடட்டுமா?" என்றேன்.

"எதுக்கு? ட்ரெய்லருக்கா?" சாவியை உருவி என் கையில் வைத்தாள். "நீ ஓட்டு."

"ஆனா உன் சட்டம்..."

"கார் தன் சக்கரத்துல வீட்டுக்கு வரணும்னு சொன்னேன். நான்தான் ஓட்டணும்னு எப்போ சொன்னேன்? நல்லா யோசிச்சுப் பாரு, வாத்தியாரே."

யோசித்துப் பார்த்தேன். சொன்னதே இல்லை.

அவள் அளவுக்குத் தரையோடு திருகி வைத்த இருக்கை அது. என் முழங்கால்கள் ஸ்டீயரிங்கில் இடித்தன. கிளப்பியதும் இன்ஜின் நின்றது. மறுபடி கிளப்பினேன். ரவுண்டானாவில் மறுபடி நின்றது. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். லொரெய்ன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலிக்க வலிக்கச் சிரித்தாள்.

"பிரேக்கை மிதிச்சுக்கிட்டே திருப்பாதே. விட்டுட்டுத் திருப்பு. ஆங், அப்படித்தான். தொடை நடுங்குதா? எனக்கும் முதல் நாள் நடுங்குச்சு."

வீட்டு முற்றத்தில் கார் நின்றபோது அவள் தூங்கிப்போயிருந்தாள். இன்ஜின் அடங்கிய அமைதியில் கண் விழித்துப் பார்த்தாள். "வந்துடுச்சா?" என்றாள்.

"வந்துடுச்சு."

ஜனவரியில் அவள் போனாள்.

மார்ச்சில் நெவில் கூப்பிட்டார். தட்டுகளைத் துடைத்து வைத்திருப்பதாக மட்டும் சொன்னார். நான் ஓட்டிக்கொண்டு போனேன். வழியில் ஒரு முறைதான் இன்ஜின் நின்றது. இப்போது வலப்பக்க இருக்கையில் நான் உட்கார்ந்தேன். நெவில் எண்களைச் சுவரில் அவளுடைய எண்களுக்குக் கீழே எழுதினார், எதையும் அழிக்கவில்லை.

"வலது முன்பக்கம் நல்ல பாரம்," என்றார். "இடது சீட்டைக் கழட்டிடட்டுமா? பதினாலு கிலோ மிச்சம்."

"இருக்கட்டும். ஏப்ரல்ல கேட்வெல்லுக்குப் பேர் குடுத்திருக்கேன். ஸ்டூவர்ட் பக்கத்துல உட்கார்ந்து சொல்லித்தர்றேன்னு சொல்லியிருக்கான்."

"ஸ்டூவர்ட்டா? அவன் உன்னைவிட கனம்."

"தெரியும். அவனையும் சேர்த்து ஸ்பிரிங்கைத் திருகு."

நெவில் சிரித்துக்கொண்டே காருக்கடியில் குனிந்தார். அங்கிருந்தே கேட்டார்: "அன்னிக்குத் தூறினா? மழையில நீ ஓட்டினதே இல்லையே. ட்ரெய்லர் சும்மாதான் கிடக்கு மால்."

"வேண்டாம் நெவில்," என்றேன். "இன்னும் ஒரு மாசம் இருக்கு. தூறுற நாளாப் பார்த்து ஓட்டிப் பழகிக்கறேன்."